முதல் டஞ்சன் க்ராலர் போர்டு கேம் வாங்கறதுக்கு முன்னாடி: மான்ஸ்டரை யாரு நகத்தப் போறா?

பெட்டி மேல ஒரு டிராகன், அதுக்கு எதிர்ல கோடாலி வச்ச ஒரு குள்ளன், தொறந்தா வரிசையா பொம்மை பொம்மையா அடுக்கி வச்சிருப்பான், அவ்ளோதான், ஆள் காலி. நானும் அப்படித்தான் விழுந்தேன். மொத மொத வாங்கினது ஒரு பெரிய பெட்டி, பேரு வேணாம். அட்டையிலேருந்து டோக்கனைப் பிச்சு எடுக்கவே ஒரு சாயங்காலம் போச்சு, ரூல்புக் படிக்க ரெண்டு ராத்திரி, அப்பறம் ஒரு ஞாயித்துக்கிழமை மூணு பேரைப் புடிச்சு உக்கார வச்சா செட்டப் முடியவே முக்கால் மணி நேரம், அதுக்குள்ள ஒருத்தன் ஃபோனுக்குள்ள போயிட்டான், இன்னொருத்தி "இன்னும் ஆரம்பிக்கலயா"ன்னு நாலு தடவை கேட்டுட்டா. மூணு மணி நேரத்துல ரெண்டு ரூம் தாண்டினோம். அதோட அந்தப் பெட்டி பீரோ மேல ஏறினதுதான்.

ரொம்ப நாள் கழிச்சுதான் உறைச்சுது. கேம் மோசம் இல்ல. அதுல எல்லா மான்ஸ்டரையும் நகத்தறது, கார்டு பொரட்டறது, எதுக்கு எவ்ளோ உசுரு மிச்சம்னு கணக்கு வைக்கறது, "இந்த ரூல் என்ன"ன்னு கேட்டா பக்கம் தேடறது, எல்லாமே நான் ஒருத்தன். மத்த மூணு பேரு விளையாடினாங்க, நான் வேலை பாத்தேன். பெட்டி வாங்கறவன் தலையிலதான் இந்த வேலை வந்து விழும், எந்த கேம் வாங்கினாலும் விழும், எவ்ளோ விழும்ங்கறதுதான் வித்தியாசம். அதனால புதுசா கேக்கறவங்ககிட்ட நான் மொதல்ல கேக்கறது "உங்க டேபிள்ல மான்ஸ்டரை யாரு நகத்தப் போறா?"

ஒண்ணுமே தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி: டஞ்சன் க்ராலர்னா ஆளுக்கு ஒரு ஹீரோ எடுத்துக்கிட்டு, பாதாள அறை மாதிரி ஒரு எடத்துக்குள்ள எறங்கி, கதவு கதவா தொறந்து, உள்ள இருக்கற பேய் பூதத்தை அடிச்சு, புதையல் எடுத்து, அந்தக் காசுல நல்ல வாள் வாங்கி மறுபடி எறங்கறது. 1975லயே டஞ்சன்!னு ஒரு போர்டு கேம் வந்துடுச்சு, 1989ல வந்த ஹீரோக்வெஸ்ட்தான் இதை வீட்டுப் புள்ளைங்க வரைக்கும் கொண்டு போச்சு. இப்ப இந்த வகையில நூத்துக்கணக்குல இருக்கு.

ஸ்டெப் 1: யாரு, எத்தனை பேரு, எத்தனை தடவை

ஒரு பேப்பர்ல பேரை எழுதுங்க. "ஃப்ரெண்ட்ஸ் வருவாங்க"ன்னு பொதுவா சொல்றது கதைக்காகாது, பேரு எழுதுங்க. அதுல ஒவ்வொருத்தரும் மாசத்துக்கு எத்தனை தடவை நெஜமா வருவாங்கன்னு பக்கத்துலயே எழுதுங்க. நாலு பேரு இருக்காங்க, ஆனா நாலு பேரும் ஒரே நாள்ல சேர்றது ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவைன்னா, நீங்க நாலு பேர் க்ரூப் இல்ல, ரெண்டு பேர் க்ரூப்.

இது ஏன் முக்கியம்னா இந்த வகையில காம்பெயின்னு ஒண்ணு இருக்கு, அதாவது பல நாள் விட்ட எடத்துலேருந்து தொடர்ந்து ஆடற தொடர்கதை. க்ளூம்ஹேவன்னு 2017ல வந்த கேம், ஐசக் சில்ட்ரஸ் பண்ணினது, அதுல 95 சினாரியோ, சினாரியோன்னா ஒரு தடவை உக்காந்து ஆடற ஒரு அத்தியாயம். எல்லாத்தையும் ஆட வேண்டியதில்லைதான், இருந்தாலும் வாரம் ஒண்ணு ஆடி, நடுவுல நாலஞ்சு தோத்து திரும்ப ஆடினா ரெண்டு வருஷம் ஓடிடும். அதே ஆளுங்க, ரெண்டு வருஷம். யோசிச்சுப் பாருங்க. அதோட சின்ன தம்பி ஜாஸ் ஆஃப் தி லயன், 2020ல வந்தது, 25 சினாரியோ, இது மனுஷன் முடிக்கக் கூடிய கணக்கு. ஹீரோக்வெஸ்ட்ல 14 குவெஸ்ட், ஒரு நாள் ஒருத்தன் வரலன்னா பெருசா ஒண்ணும் ஆகாது, அவன் ஹீரோவை வேற யாராவது ஓட்டிக்கலாம். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பேர்ல வந்த காஸில் ரேவன்லாஃப்ட், 2010, அது இன்னும் சுலபம், ஒவ்வொரு அட்வென்ச்சரும் தனித்தனி, இன்னிக்கு ஆடினா இன்னிக்கோட முடிஞ்சுது.

பெட்டியில போட்டிருக்கற ஆள் கணக்கையும் அப்படியே நம்பாதீங்க. ஹீரோக்வெஸ்ட் பெட்டியில 2 லேருந்து 5ன்னு இருக்கும், அந்த அஞ்சுல ஒருத்தர் வில்லன், ரெண்டு பேருதான்னா ஒருத்தர் வில்லன் இன்னொருத்தர் நாலு ஹீரோவையும் ஓட்டணும், சிலருக்கு அது புடிக்கும், சிலருக்கு தலை சுத்தும். க்ளூம்ஹேவன் வகையறாவுல ஆள் எண்ணிக்கைக்குத் தகுந்த மாதிரி மான்ஸ்டர் எண்ணிக்கையும் ஏறும், அதனால ரெண்டு பேரு ஆடினா ஒன்னரை மணி நேரத்துல முடியறது நாலு பேரு ஆடினா மூணு மணி நேரம் இழுக்கும், உங்க டர்ன் வர்றதுக்குள்ள என்ன பண்ண நெனச்சோம்னே மறந்துடும்.

ஸ்டெப் 2: மான்ஸ்டரை யாரு நகத்தறா

இதுக்குத்தான் இவ்ளோ நேரம் சுத்தி வந்தேன். மூணு வழி இருக்கு.

மொத வழி, ஒருத்தர் வில்லன். ஹீரோக்வெஸ்ட்ல அவருக்குப் பேரே சார்கான். அவர் முன்னாடி ஒரு மறைப்பு அட்டை நிக்கும், அதுக்குப் பின்னாடி குவெஸ்ட் புக். நீங்க கதவைத் தொறப்பீங்க, அவர் புக்கைப் பாத்து அந்த ரூம்ல மட்டும் மேசை, சவப்பெட்டி, ரெண்டு காப்லின், அதாவது குட்டிப் பூதம்னு எடுத்து வைப்பார், அந்த வைக்கற பத்து செகண்ட்ல எல்லாரும் எட்டிப் பாப்பாங்க பாருங்க, இந்த வகை கேமோட மொத்த சுகமும் அதுலதான் இருக்குன்னு நான் சொல்லுவேன். ஆனா சார்கானா உக்காரறவருக்கு அந்த ஆச்சரியம் கெடையாது, உள்ள என்ன இருக்குன்னு அவருக்கு முன்னாடியே தெரியும். கதை சொல்றது புடிச்ச ஆளா இருந்தா ராஜா மாதிரி உக்காந்து நடத்துவார். ஜெயிச்சே ஆகணும்ங்கற ஆளை உக்கார வச்சீங்கன்னா எட்டு வயசுப் புள்ளையோட மந்திரவாதியைத்தான் மொதல்ல சுத்தி வளைப்பான், அன்னிக்கோட வீட்ல கேம் முடிஞ்சுது. நீங்களே குடும்பத்துக்கு விளையாட்டு நடத்தற ஆளுன்னா, புள்ளைங்களோட ஆடப் போறீங்கன்னா, இந்த வழி அருமை. டிசென்ட்னு இன்னொண்ணு, 2005 பதிப்புலயும் 2012 ரெண்டாம் பதிப்புலயும் இதே மாதிரி ஒரு ஓவர்லார்ட் உண்டு, ஆனா அங்க அவர் கையில கார்டு வச்சுக்கிட்டு நெஜமாவே உங்களைத் தோக்கடிக்கத்தான் ஆடுவார், அது கதை நேரம் இல்ல, மல்யுத்தம்.

ரெண்டாவது வழி, யாருமே வில்லன் இல்ல, எல்லாரும் ஒரே கட்சி, மான்ஸ்டர் கார்டு சொல்றபடி தானா நடக்கும். கேக்க நல்லா இருக்கு, ஆனா "தானா"ன்னா என்ன? கார்டைப் பாத்து யாரோ ஒருத்தர் நகத்தணும். இங்கதான் கேமுக்கு கேம் வித்தியாசம். காஸில் ரேவன்லாஃப்ட்ல, டைல்னா தரையா அடுக்கற அட்டைத் துண்டு, அது ஓரத்துல போய் நின்னு டர்னை முடிச்சா நீங்க ஒரு புது டைல் எடுத்து ஒட்டணும், அதோட ஒரு மான்ஸ்டர் கார்டும் எடுக்கணும், எடுத்த மான்ஸ்டர் உங்க முன்னாடியே இருக்கும், இனிமே உங்க டர்ன் முடியறப்பல்லாம் அதை ஓட்டறது உங்க பொறுப்பு. கார்டுல ரெண்டு மூணு வரிதான், ஒரு டைல் தூரத்துல ஹீரோ இருந்தா பக்கத்துல வந்து அடி, இல்லன்னா ஒரு டைல் கிட்ட நகரு, அவ்ளோதான். சரி பயமா இருக்கு, புது டைலே எடுக்கலன்னு ஒதுங்கி நின்னா சும்மா விடாது, என்கவுண்டர் கார்டு எடுக்கணும், அது பெரும்பாலும் ஆப்புதான். இதுல எனக்குப் புடிச்சது என்னன்னா வேலை தன்னால நாலு பேருக்கும் பிரிஞ்சுடுது, யாரும் சும்மா உக்காந்து பாக்கல, பெட்டி வாங்கின பாவத்துக்கு ஒருத்தனே சுமக்கல.

க்ளூம்ஹேவனும் இப்படி எல்லாரும் ஒரே கட்சியா ஆடற கோ-ஆப்தான், ஆனா அங்க ஒவ்வொரு ரவுண்டும் ஒவ்வொரு மான்ஸ்டர் வகைக்கும் ஒரு கார்டு பொரட்டணும், அது யாரைக் குறி வைக்குதுன்னு ரூல்படி பாக்கணும், எந்த வழியா வரும், பொறி மேல மிதிக்குமா சுத்தி வருமா, சமமா ரெண்டு பேரு இருந்தா யாரு, இதெல்லாம் ஒருத்தர் தலையில ஏறி உக்காந்துக்கும். அந்த ஒருத்தர் யாருன்னு சொல்ல வேண்டியதில்ல. ரூல்ல ஊறித் திளைக்கறது புடிச்சவங்களுக்கு இது சொர்க்கம், நான் இல்லன்னு சொல்லல.

மூணாவது வழி ஆப். டிசென்ட்: லெஜண்ட்ஸ் ஆஃப் தி டார்க், 2021ல வந்தது, ஆப் இல்லாம ஆடவே முடியாது, மான்ஸ்டர் என்ன பண்ணும், உசுரு எவ்ளோ, கதை என்ன எல்லாமே அதுதான் சொல்லும், நீங்க அட்டையில செஞ்ச படிக்கட்டும் தூணும் அடுக்கி பொம்மையை நகத்தினா போதும். சுமை நல்லாவே கொறையுது. ஆனா நாள் முழுக்க ஸ்க்ரீன் பாத்துட்டு ராத்திரி டேபிள்ல வந்தும் ஸ்க்ரீனான்னு நெனைக்கற ஆளா நீங்க, அதையும் யோசிச்சுக்கோங்க. பத்து வருஷம் கழிச்சு அந்த ஆப் புது ஃபோன்ல ஓடலன்னா பெட்டி வெறும் பொம்மைப் பெட்டிதான். 2021ல மறுபடி வந்த ஹீரோக்வெஸ்ட்டுக்கும் ஒரு இலவச ஆப் இருக்கு, சார்கான் வேலைய அது பாத்துக்கும், ஆனா கட்டாயம் இல்ல, அது இல்லாமயும் ஆடலாம். எனக்கு இந்த மாதிரி ஆப்தான் சரின்னு படுது.

ஸ்டெப் 3: டைஸா கார்டா

ஹீரோக்வெஸ்ட் டைஸ்ல ஆறு பக்கம், மூணுல மண்டையோடு, ரெண்டுல வெள்ளைக் கேடயம், ஒண்ணுல கருப்புக் கேடயம். மண்டையோடுன்னா அடி, கேடயம்னா தடுப்பு. பார்பேரியன்ங்கற முரட்டு ஹீரோ அடிக்கறப்ப மூணு டைஸ் உருட்டுவான், ஒரு மண்டையோடாவது விழறதுக்கு எட்டுல ஏழு வாய்ப்பு. காப்லின் தடுக்க ஒரே டைஸ், அதுவும் மான்ஸ்டருக்குக் கருப்புக் கேடயம் விழுந்தாத்தான் கணக்கு, ஆறுல ஒண்ணு. அதனால பார்பேரியன் நடந்து போற எடமெல்லாம் காப்லின் சாயும், மந்திரவாதிக்கோ ஒரே டைஸ், பாதி நேரம் காத்தைத்தான் வெட்டுவான், அவன் மந்திரத்தை நம்பித்தான் பொழைக்கணும். பாருங்க, இது மொத்தத்தையும் அஞ்சு வரியில சொல்லிட்டேன், ஒரு கொழந்தைக்கும் புரியும். ஆனா நகர்றதுக்கும் ரெண்டு டைஸ் உருட்டணும், ரெண்டு விழுந்தா ரெண்டு கட்டம்தான், கதவுக்கு ஒரு கட்டம் முன்னாடி நின்னு முழிக்கறது இருக்கே, அது எரிச்சலா இருக்கும், இப்பவே சொல்லிட்டேன்.

ஜாஸ் ஆஃப் தி லயன்ல டைஸே கெடையாது. கையில கார்டு, ஒவ்வொரு கார்டுலயும் மேல ஒரு வேலை, கீழ ஒரு வேலை. ரவுண்டுக்கு ரெண்டு கார்டு எடுத்து ஒண்ணோட மேல் பாதி, இன்னொண்ணோட கீழ் பாதி. எடுத்த கார்டெல்லாம் தீந்தா ஓய்வு எடுத்து திரும்ப கைக்கு வாங்கிக்கலாம், ஆனா ஒவ்வொரு ஓய்வுக்கும் ஒரு கார்டு போயிடும், அதனால கை சுருங்கிட்டே வரும், அடி வாங்காமயே ஆள் களைச்சு விழுந்துடலாம். கடைசி ரூம்ல மூணு கார்டு கையில வச்சுக்கிட்டு ஒரே ஒரு மான்ஸ்டர் மிச்சம் இருக்கறப்ப வர்ற படபடப்பு எந்த டைஸ்லயும் வராது. அடி எவ்ளோ விழும்ங்கறதுக்கு மட்டும் ஒரு 20 கார்டு கட்டு உண்டு, அதுல ஒரு கார்டு அடிய ரெட்டிப்பாக்கும், இன்னொரு கார்டு மொத்தமா வீணாக்கும். செஸ் மாதிரி ரொம்ப நேரம் யோசிக்கறவங்க உங்க க்ரூப்ல இருந்தா ரொம்ப ரசிப்பாங்க, மத்தவங்க அவங்க யோசிச்சு முடிக்கறதுக்காகக் காத்துக் கெடப்பாங்க.

எது ஒசத்தின்னு கேக்காதீங்க. பேப்பர்ல எழுதின பேருங்களைப் பாருங்க, சிரிச்சுக் கத்தி டைஸ் உருட்டற கூட்டமா, கார்டை மொறச்சுப் பாக்கற கூட்டமா, உங்களுக்கே தெரியும்.

ஸ்டெப் 4: டேபிள், அலமாரி, பொறுமை

டேப் எடுத்து டேபிளை அளந்துக்கோங்க, போர்டுக்கு மட்டும் இல்ல, ஆளுக்கு ஒரு ஹீரோ அட்டை, கார்டு கட்டு, டோக்கன் குவியல், இதுக்கும் எடம் வேணும். பழைய க்ளூம்ஹேவன் பெட்டி கிட்டத்தட்ட 10 கிலோ, மேல் தட்டுல வச்சுட்டு எடுக்கறப்ப ஜாக்கிரதை. அதுல ஒவ்வொரு சினாரியோவுக்கும் சரியான மேப் துண்டு எதுன்னு தேடி எடுக்கறதே ஒரு தனி விளையாட்டு. ஜாஸ்ல அந்தத் தொல்லையே இல்ல, சினாரியோ புக்கையே விரிச்சு அதுக்கு மேலயே ஆடிக்கலாம், மொத அஞ்சு சினாரியோ கொஞ்சம் கொஞ்சமா ரூலைக் கத்துக் குடுக்கற மாதிரி வச்சிருக்காங்க. புதுசா வர்றவங்களுக்கு இதைவிட நல்ல நுழைவாசல் க்ளூம்ஹேவன் உலகத்துல இல்ல. பெரிய பெட்டிதான் ஒரிஜினல்னு கௌரவம் பாத்து அதை மொதல்ல வாங்காதீங்க.

ஸ்டெப் 5: யாரு படிக்கப் போறா

கதை நிறைய இருக்கற கேம்ல பத்தி பத்தியா படிக்கணும். மைஸ் அண்ட் மிஸ்டிக்ஸ், 2012ல வந்தது, ஒரு இளவரசனும் அவன் கூட்டாளிங்களும் எலியா மாறி அரண்மனை சுவத்துக்குள்ள ஓடற கதை, கரப்பான்பூச்சிதான் அங்க அரக்கன், சின்னவங்களுக்கு அவ்ளோ புடிக்கும். ஆனா இங்கிலீஷ்ல பக்கம் பக்கமா வாசிக்கணும். நான் முன்னாடியே படிச்சு வச்சுக்கிட்டு பாட்டி கதை சொல்ற மாதிரி தமிழ்ல சொல்லிடுவேன், அது புக்கைவிட நல்லா வந்துடுச்சுன்னு வீட்ல ஒரு பேச்சு இருக்கு. உங்களுக்கு அந்தப் பொறுமை இல்லன்னா கார்டுல ரெண்டு வரிக்கு மேல இல்லாத கேமா பாருங்க.

ஸ்டெப் 6: பொம்மை, எக்ஸ்பான்ஷன், முன்பணம்

பொம்மை வேணாம்னு சொல்ல மாட்டேன், எனக்கும் புடிக்கும். ஆனா க்ளூம்ஹேவன்ல மான்ஸ்டரெல்லாம் வெறும் அட்டைதான், ஒரு ஸ்டாண்டுல சொருகி நிக்கும், அந்த கேம்தான் வருஷக்கணக்கா போர்டுகேம்கீக்ங்கற போர்டு கேம் வெப்சைட்டோட லிஸ்டுல முதல் எடத்துல இருந்துச்சு. எக்ஸ்பான்ஷன், அதாவது கூடுதலா விக்கற துணைப் பெட்டி, எதையும் மொத நாளே சேத்து வாங்காதீங்க, அடிப்படைப் பெட்டியில பாதியாவது ஆடிட்டு வாங்கலாம், ஓடிப் போகாது.

இன்னொண்ணு, இந்த வகை கேம் நிறைய க்ரவுட்ஃபண்டிங்ல வரும், அதாவது தயாரிக்கறதுக்கு முன்னாடியே ஆளுங்ககிட்ட காசு வாங்கிடுவாங்க. 2020ல க்ளூம்ஹேவனோட அடுத்த கேமான ஃப்ராஸ்ட்ஹேவனுக்கு கிட்டத்தட்ட 1.3 கோடி டாலர் சேந்துச்சு, பெட்டி ஆளுங்க கைக்கு வர ஆரம்பிச்சது 2022 கடைசியிலதான். நல்ல கேம்தான், ஆனா மொத டஞ்சன் க்ராலருக்கு ரெண்டு வருஷம் காத்திருக்கறது என்னத்துக்கு? கடையில இருக்கறதை வாங்கி இந்த வாரமே ஆடுங்க.

பழசு வாங்கறீங்கன்னா ஒரு விஷயம் கண்டிப்பா கேளுங்க: ஸ்டிக்கர் ஒட்டியாச்சா, மூடின சின்னப் பெட்டியெல்லாம் பிரிச்சாச்சா. க்ளூம்ஹேவன் மாதிரி கேம்ல மேப்ல ஸ்டிக்கர் ஒட்டணும், புது கேரக்டரெல்லாம் மூடின பெட்டிக்குள்ள ரகசியமா இருக்கும். பிரிச்சிருந்தாலும் ஆடலாம், ஆச்சரியம் மட்டும் போயிடும். ஹீரோக்வெஸ்ட், ரேவன்லாஃப்ட்லாம் இந்தக் கவலையே இல்ல, டைஸும் பொம்மையும் எண்ணிப் பாத்தா போதும்.

ஸ்டெப் 7: வாங்காமயே ஒரு தடவை ஆடிப் பாருங்க

பெரும்பாலான கம்பெனி ரூல்புக்கை இலவசமா பிடிஎஃப்ல போட்டிருப்பாங்க. முழுசா படிக்க வேணாம், "மான்ஸ்டர் டர்ன்"னு இருக்கற பக்கத்தை மட்டும் படிங்க. அதைப் படிச்சுட்டு புக்கை மூடி வச்சு வீட்ல யாருக்காவது உங்க வார்த்தையில சொல்லுங்க. ரெண்டு நிமிஷத்துல சொல்ல முடிஞ்சா அந்த கேம் உங்களுக்கு ஒத்து வரும். நடுவுல "இரு இரு பாத்து சொல்றேன்"னு மூணு தடவை வந்துச்சுன்னா, டேபிள்லயும் அதேதான் நடக்கப் போகுது. அப்பறம் யாராவது ஆடற வீடியோ ஒண்ணு பாருங்க, விமர்சன வீடியோ இல்ல, நெஜமா ஆடறது, வேகத்தைக் கூட்டாம, ஒரு முழு ரவுண்டு. போரடிச்சா போரடிக்குதுதான். போர்டுகேம்கீக்ல வெயிட்னு, கேம் எவ்ளோ சிக்கல்னு காட்ட, 1 லேருந்து 5 வரைக்கும் ஒரு நம்பர் இருக்கும், ஹீரோக்வெஸ்ட் 2ஐ ஒட்டி, க்ளூம்ஹேவன் 4ஐ ஒட்டி, இந்த ரெண்டையும் அளவுகோலா வச்சுக்கிட்டா மத்ததைக் கணிக்கலாம். க்ளூம்ஹேவன் கம்ப்யூட்டர் கேமாவும் வந்துடுச்சு, அதுல மான்ஸ்டர் வேலையெல்லாம் கம்ப்யூட்டரே பாத்துக்கும், கார்டு முறை புடிக்குதான்னு அங்கயே தெரிஞ்சுடும்.

சரி, என்னதான் வாங்கறதுன்னு கேட்டா: புள்ளைங்களோட, நீங்க கதை சொல்லத் தயார்னா ஹீரோக்வெஸ்ட். யாரு வருவாங்கன்னே நிச்சயம் இல்ல, வர்றவங்களோட அன்னிக்கே ஆடி முடிக்கணும்னா ரேவன்லாஃப்ட் வகையறா, அதே முறையில வேற பேர்லயும் சில பெட்டி இருக்கு, எது கெடைக்குதோ அது. ரெண்டு பேரு, வாரா வாரம், யோசிச்சு ஆடறது புடிக்கும்னா கண்ணை மூடிக்கிட்டு ஜாஸ் ஆஃப் தி லயன். தனியா ஆடறதுக்கும் ஜாஸே போதும், இல்லன்னா ஒன் டெக் டஞ்சன்னு 2016ல வந்த ஒரு சின்னக் கார்டுப் பெட்டி, ஒரு ஆள் ரெண்டு ஆளுக்கு, பையில போட்டுக்கிட்டுப் போயிடலாம். மல்யுத்தம்தான் வேணும்னா டிசென்ட் ரெண்டாம் பதிப்பு பழசுல தேடுங்க.

பெட்டி வந்த அன்னிக்கு யாரையும் கூப்பிடாதீங்க. அன்னிக்கு அட்டை பிரிக்கற நாள். மறுநாள் நீங்களே ரெண்டு ஹீரோவை எடுத்து தனியா ஒரு ரூம் ஆடிப் பாருங்க, தப்பு தப்பா ஆடுவீங்க, பரவால்ல. மூணாவது நாள் ஆளைக் கூப்பிடறப்ப அவங்க வர்றதுக்கு முன்னாடியே செட்டப் முடிஞ்சிருக்கணும், ரூல் சொல்றது பத்து நிமிஷத்தைத் தாண்டக் கூடாது, மீதி ஆடறப்ப சொல்லிக்கலாம். மான்ஸ்டர் வகைக்கு ஒருத்தர்னு அன்னிக்கே பிரிச்சுக் குடுத்துடுங்க, எலும்புக்கூடெல்லாம் நீ பாத்துக்க, காப்லினெல்லாம் அவ பாத்துக்கட்டும், க்ளூம்ஹேவன் வகையறாவுல கூட இது நல்லாவே வேலை செய்யுது, இந்த ஒரு விஷயத்தைச் செஞ்சப்பறம்தான் பீரோ மேல இருந்த என்னோட அந்தப் பழைய பெட்டியே கீழ எறங்கிச்சு. முடிஞ்சதும் ஒவ்வொரு ஹீரோவோட கார்டு, டோக்கன், பொம்மை எல்லாத்தையும் தனித்தனி ஜிப் கவர்ல போட்டு பேரு எழுதிடுங்க, அடுத்த தடவை ஆளுக்கு ஒண்ணு தூக்கிக் குடுத்தா அஞ்சு நிமிஷத்துல மொதக் கதவு முன்னாடி நிப்பீங்க.